கவனம் வேறு எங்கேயோ

மார்ச் 4, திங்கள்

கோபம் வந்தால் இதில் எழுது, என்னிடம் கத்தாதே என்று யாழினி கொடுத்த நோட்டு இது. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் அம்மாவுக்கு வைத்தியம் சொல்கிறாள். பரீட்சை நேரத்தில் வீட்டில் சண்டை வேண்டாமே என்று எழுதுகிறேன்.

காலைக் கூட்டத்தில் இன்றும் நான்தான் பேசினேன். எங்கள் கம்பெனியில் பம்ப் மோட்டாருக்குத் தகடு வெட்டுகிறோம். எட்டு மணிக்குப் பிரஸ் மெஷின்கள் ஓடத் தொடங்கும். அதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு பாதுகாப்புச் செய்தி கேட்க வேண்டும். முன்பெல்லாம் மேனேஜர் தாமோதரன் சார் காகிதத்தைப் பார்த்துப் படிப்பார், அறுபது பேரும் கொட்டாவி விடுவார்கள். போன தீபாவளி சமயம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. லைன் இன்சார்ஜ் என்பதால் என்னைப் பேசச் சொன்னார். என்ன பேசுவதென்று தெரியாமல், வீட்டு கிரைண்டரில் என் முந்தானை சிக்கிக் கழுத்தை இறுக்கியதைச் சொன்னேன். மறுநாள் ஒரு பெண்கூடத் துப்பட்டாவைத் தொங்கவிட்டு வரவில்லை. ஆறு வருடமாகச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸால் ஆகாதது அது. அன்றிலிருந்து தினமும் நான்தான்.

கூட்டம் முடிந்ததும் சார் பிடித்துக்கொண்டார்.

"மூணாம் நம்பர் பிரஸ் எதுக்கும்மா அடிக்கடி நிக்குது?"

"சென்சார் கட் பண்ணுதுங்க சார். கை கொஞ்சம் கிட்டப் போனாலே நின்னுருது."

"வியாழக்கெழம சரக்கெடுக்க லாரி வருது. ஏதாச்சும் ஒரு வழி பாருங்க."

வழி பாருங்க! இந்த மனுஷனுக்கு வேறு வார்த்தையே தெரியாதா? வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருக்கிறார். இங்கே வீட்டு மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. அதற்கும் நான்தான் வழி பார்க்க வேண்டும்.

மார்ச் 7, வியாழன்

மயிலாத்தாளுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

காலை பதினொன்றேகால். மூன்றாம் நம்பர் பிரஸ். தகடு கோணலாகப் போனதை நேராக்கக் கையை உள்ளே விட்டிருக்கிறாள். சென்சார் வேலை செய்யவில்லை.

அவள் கத்தவில்லை. "அக்கா, கை" என்று மட்டும் சொன்னாள், யாரோ கேட்டதை எடுத்து நீட்டுவதுபோல. என் துண்டைச் சுற்றிக் கட்டினேன். ஆம்புலன்ஸ் வரும்வரை என் தோளில் சாய்ந்திருந்தாள். பதினோரு வருடத்துக்கு முன் நானும் அவளும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரு நாள்கூட அவளில்லாமல் டிபன் பாக்ஸ் திறந்ததில்லை.

இரண்டு மணிக்கு மெஷினைக் கழுவி, அதே இடத்தில் வேறொரு பெண்ணை நிற்க வைத்தேன். நிற்க வைக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே ஓட்டினாள். லாரி ஐந்து மணிக்குக் கிளம்பியது.

மார்ச் 8, வெள்ளி

சென்சார் இன்று வேலை செய்கிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 9, சனி

சார் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"திங்கக்கெழம நீங்க இதப் பத்திப் பேசோணும்மா. ஆளுக பயந்து கெடக்கறாங்க. இன்னைக்கு மட்டும் ஒம்பது பேர் லீவு."

"நான் என்னங்க சார் சொல்றது?"

"நடந்ததச் சொல்லுங்க. அந்தம்மாவோட கவனம் வேற எங்கயோ இருந்திருக்கு. அவ்வளவுதான. நாம்ப கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சா ஆளுக தைரியமா வருவாங்க. நான் சொன்னா நோட்டீஸ் மாதிரி இருக்கும். நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"சென்சார்..." என்று ஆரம்பித்தேன்.

"அதக் கிளறினா யாரு யாருகிட்ட என்ன சொன்னாங்கன்னு எல்லாம் வெளிய வரும். உங்களுக்கு நல்லதில்லம்மா" என்று ஒரு தாளை நகர்த்தினார். விபத்து அறிக்கை. காரணம் என்ற கட்டத்தில் அவர் சொன்ன அதே வாக்கியத்தை டைப் அடித்து வைத்திருந்தார்கள். கீழே லைன் இன்சார்ஜ் கையெழுத்து.

அவர் கொடுத்த பேனா எழுதவில்லை. ஒரு பேனாகூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாத ஆபீஸ். என் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 11, திங்கள்

சொன்னேன்.

மெஷினிலிருந்து ஆரம்பித்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று காலை அவள் தன் மகளுக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டு வந்ததிலிருந்து ஆரம்பித்தேன். இனி அந்தச் சடையை யார் பின்னுவார்கள் என்று கேட்டேன். நிறுத்தினேன். அறுபது பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ கவனம் ஒரு நிமிசம் வேற எங்கயோ போயிருச்சு. ஒரே நிமிசம்" என்றேன். பேக்கிங்கில் இருக்கிற பாக்கியம் விசும்பினாள். சனிக்கிழமை லீவு போட்டவர்களும் நின்று கேட்டார்கள்.

சார் கைகுலுக்க வந்தார். கையில் கிரீஸ் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். கிரீஸ் இல்லை.

சாயங்காலம் கேஸ் கொண்டுவந்த ஆளிடம் சிலிண்டர் எடை குறைகிறது என்று தெருவே கேட்கிறமாதிரி சண்டை போட்டேன். எடை சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

மயிலாத்தாளைப் பார்க்கப் போகலாம் என்று வாங்கிய ஆரஞ்சு நான்கு நாளாகப் பையிலேயே இருந்தது. இன்று பிழிந்து யாழினிக்குக் கொடுத்துவிட்டேன். துணி ஊறவைத்தேன். பரண் துடைத்தேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடினால் நோயாளிக்குத் தொந்தரவு என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள்.

மார்ச் 21, வியாழன்

உடம்பெல்லாம் எரிகிறது.

சாப்பிடும் இடத்தில் பாக்கியம் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மயிலு போனப் பாத்துட்டே கைய உட்டுட்டாளாமா."

"எந்தப் போனு? யாரு சொன்னது உனக்கு?" என்றேன். எச்சில் தெறித்தது.

அவள் மிரண்டுபோய், "நீங்கதானுங்கக்கா கூட்டத்துல சொன்னீங்க" என்றாள்.

போன் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. கவனம் வேறு எங்கேயோ என்றேன். கவனம் எங்கே போகும் என்று இவர்களே யோசித்து இவர்களே ஒரு போனை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இதில் கேவலம் என்னவென்றால், காலையில் கேட்டிலேயே எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே ஒருவரிடமும் போன் கிடையாது. இது அறுபது பேருக்கும் தெரியும். அறுபது பேரும் நம்புகிறார்கள்! பாக்கியத்திடம் இதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "ஒளிச்சுக் கொண்டாந்திருப்பாளாட்டம்" என்றாள்.

மார்ச் 28, வியாழன்

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். எட்டுப் பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். நான் வாசலில் நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது. எட்டுப் பேரில் ஆறு பேர் போன் என்றார்கள். பாக்கியம், "என்ற ரெண்டு கண்ணுலயும் பாத்தனுங்க சார்" என்றாள். மார்ச் ஏழாம் தேதி பாக்கியம் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு ஈரோடு போயிருந்தாள். அவள் பொய் சொல்லவில்லை. கண்ணில் நீர் நின்றது. பார்த்ததாகவே நினைக்கிறாள்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார். சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சென்சார் வேல செஞ்சுச்சாம்மா?"

"நல்லா வேல செய்யுதுங்க சார்" என்றேன்.

எழுதிக்கொண்டார். அவர் கேட்டது அன்றைய சென்சாரை. நான் சொன்னது இன்றைய சென்சாரை. அவர் இன்னொரு தடவை சரியாகக் கேட்டிருக்க வேண்டாமா? சம்பளம் வாங்குகிறார் அல்லவா?

ஏப்ரல் 5, வெள்ளி

மயிலாத்தாளின் வீட்டுக்காரர் சின்னச்சாமி ஷிப்ட் விடும்போது கேட்டில் நின்றார். மேஸ்திரி வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், காலெல்லாம் சிமெண்டு. அவளைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"ஆளு யாருங்க?" என்றார்.

"எந்த ஆளு?"

"அவ போன்ல பேசிட்டிருந்த ஆளு. பேரு மட்டும் சொல்லுங்க, போதும். எதுத்த டீக்கடையில அத்தன பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

கட்டின பெண்டாட்டி கையில் கட்டோடு கிடக்கிறாள், நீ டீக்கடையில் கதை கேட்டுக்கொண்டிருக்கிறாயா என்று ரோட்டில் வைத்துக் கத்தினேன். அவர் கோபப்படவில்லை.

"அவ போனத் தோண்டித் தோண்டிப் பாத்தனுங்க. ஒண்ணுமில்ல. அழிச்சிட்டாளாட்டம்."

"உள்ள போனே கொண்டு போக முடியாதுங்க! அந்தப் பொட்டியப் பாருங்க, எல்லாத்தையும் வாங்கி அதுலதான் பூட்டி வெக்கறாங்க."

அவர் கேட்டில் இருந்த பெட்டியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்பறம் எதுக்குங்க அப்படிச் சொல்றாங்க?"

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஓடிவந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

யாழினிக்குப் பரீட்சை முடிந்தது. தோசை சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாள், தட்டைச் சுவரில் எறிந்தேன். நோட்டு கொடுத்தும் பிரயோஜனம் இல்லை என்றாள்.

ஏப்ரல் 22, திங்கள்

மயிலாத்தாள் வேலைக்கு வந்துவிட்டாள். பிரஸ்ஸில் நிற்க முடியாது, பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். அவள் வருகிறாள் என்பதால் காலைக் கூட்டத்தில் இன்று கதை வேண்டாம் என்று சார் சொன்னார். ஹெல்மெட் பற்றிப் படித்தார்.

மத்தியானம் அவள்தான் என்னைத் தேடி வந்தாள். மெலிந்திருந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"பாப்பாவுக்குப் பரீட்சைங்களாக்கா? அதான் வர முடியலயாட்டம் இருக்குது" என்றாள்.

நான் தேடிக்கொண்டிருந்த பொய்யை அவளே எடுத்துக் கொடுத்தாள். "ஆமா கண்ணு" என்றேன். அவள் மேலேயே கோபம் வந்தது. ஏன் இப்படி இருக்கிறாள்? வந்ததும் வராததுமாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 24, புதன்

எழுதிவிடுகிறேன்.

சாப்பாட்டு மேசையில் மயிலாத்தாள், எதிரே நான், அவள் பக்கத்தில் தேன்மலர். தேன்மலர் திண்டுக்கல் பக்கத்துப் பெண், சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. மயிலாத்தாள் யாரென்று அவளுக்குத் தெரியாது. இடது கையால் மெல்லச் சாப்பிடுகிறவளைப் பார்த்து, இவளும் புதிதாக வந்தவள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"பிரஸ் பக்கம் போட்டாப் பாத்து இருங்கக்கா" என்று பரிவோடு ஆரம்பித்தாள். "முன்னாடி இங்க ஒரு அக்கா இருந்துச்சாம். வீட்டுக்காரருக்குத் தெரியாம ஒரு ஆளோட பழக்கமாம். போன்ல அந்தாளுகூடப் பேசிக்கிட்டே மெஷின ஓட்டியிருக்கு..."

நான் அவளை நிறுத்தியிருக்க வேண்டும். வாயில் சோறு இருந்தது.

"அப்பறம்?" என்றாள் மயிலாத்தாள்.

"அப்பறம் என்ன, டம்முன்னு விழுந்துருச்சு. ரெண்டு வெரலு. கீழ கெடந்த போன்ல அந்தாளு 'அலோ அலோ'ன்னு கத்திக்கிட்டே இருந்தானாம்."

"அப்பறம்?"

"புருசன் சேத்துக்கலயாம்."

மயிலாத்தாள் முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். தேன்மலர் அதைப் பார்த்தாள். எழுந்து ஓடிவிட்டாள், டிபன் பாக்ஸைக்கூட மூடவில்லை.

மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதுங்களாக்கா இது?"

"இந்த மாதிரி நான் சொல்லவே இல்ல மயிலு. சத்தியமா இல்ல."

"என்ன சொன்னீங்களோ அத அப்படியே சொல்லுங்க. நான் கேக்கோணும்."

சொன்னேன். சடையைச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னேன்.

அவள் குரல் உயரவே இல்லை. "என்ற கவனம் வேற எங்கீங்க இருந்துச்சு? நீங்க எனக்குப் பின்னால நின்னுட்டு 'சீக்கிரம் மயிலு, சீக்கிரம் மயிலு, லாரி வந்துரும்'னு சொல்லிட்டே இருந்தீங்க. உங்க கொரலுதான் காதுல இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல."

ஏப்ரல் 25, வியாழன்

மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டர் ஸ்டீபனைக் கருவிகள் வைக்கும் அறையில் பிடித்தேன். அவன் சட்டையைப் பிடிக்காத குறை.

"அன்னைக்கு நீ எதுக்குடா சென்சார ஆஃப் பண்ணுன? உனக்கு அறிவில்ல?"

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அக்கா. காலைல பத்து மணிக்கு நீங்க வந்து சொன்னீங்க. 'மத்தியானம் வரைக்கும் ஆஃப் பண்ணி வை, லாரி போனதும் போட்டுக்கலாம்'னு. வேண்டாங்க்கான்னு நான் ரெண்டு தடவ சொன்னேன். 'சார்கிட்ட யாரு திட்டு வாங்கறது, நீயா'ன்னு கேட்டீங்க."

"நீ ஏன் வெளிய சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

இந்த நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். சென்சார் வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறேன். என் சொந்த நோட்டு, வேறு யாரும் படிக்கப்போவதில்லை, இதிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

சென்சாரை அணைக்கச் சொன்னது நான்.

ஏப்ரல் 26, வெள்ளி

சார் காகிதத்தை எடுப்பதற்குள் முன்னால் போய் நின்றேன். "மார்ச் ஏழாம் தேதி சென்சார ஆஃப் பண்ணச் சொன்னது நான். மயிலாத்தாகிட்டப் போன் இல்ல. எந்த ஆளும் இல்ல. அவ ஒழுங்கா வேல செஞ்சா. நான் கூட்டத்துல சொன்னது பொய்யி" என்றேன். சடை, கண்ணீர், குரலைத் தாழ்த்துவது எதுவும் இல்லை. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"சரி சரி, மணி ஆச்சு, மெஷினுக்குப் போங்க" என்று சார் கை தட்டினார்.

போனார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. மத்தியானம் பாக்கியம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிநேகிதிக்காகப் பழியத் தூக்கித் தன்மேல போட்டுக்கறீங்களேக்கா. இந்த மனசு யாருக்குங்க வரும்?"

"நான் சொன்னது நெசம் பாக்கியம்!"

"தெரியுமுங்கக்கா, தெரியுமுங்க" என்று தட்டிக்கொடுத்தாள்.

நான் கட்டிவிட்ட பொய்யை ஆறு வாரமாக ஆளுக்கொரு கை வைத்து வளர்த்து வைத்திருக்கிறார்கள். உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதையும் அதற்குள்ளேயே போட்டுக்கொள்கிறார்கள். அவர்களை அறையலாம் போலிருந்தது. இப்படிக் கேட்கப் பழக்கியது யார்?

பேக்கிங்கில் மயிலாத்தாள் தலை நிமிரவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

லீவு சொல்லாமல் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனேன். ஸ்டீபனும் வந்தான், நான் கூப்பிடவில்லை. எழுதிக் கொடுத்தேன். நேரம், மெஷின் நம்பர், யார் யாரிடம் என்ன சொன்னது. ஏழு வரி. கீழே ஸ்டீபன் கையெழுத்து.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சொல்லியிருக்கலாமுங்க" என்றேன்.

அறிக்கையைத் திருத்தி எழுத வேண்டிவரும், அந்தம்மாவின் தப்பு என்று இருப்பதை எடுத்துவிடலாம், ஆனால் உங்கள்மேல் நடவடிக்கை வரும் என்றார். வரட்டும்.

கம்பெனிக்குத் திரும்புவதற்குள் சேதி போய்விட்டது, கேட்டிலேயே சஸ்பெண்ட் கடிதம். தாமோதரன் சார் வெளியே வந்தார். முகம் கறுத்திருந்தது.

"நானாம்மா ஆஃப் பண்ணச் சொன்னேன்? வழி பாருங்கன்னுதான சொன்னேன்?"

அப்படித்தான் சொன்னார். நானும் கவனம் வேறு எங்கேயோ என்றுதான் சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்தேன். கண்ணாடி பார்ப்பதுபோல இருந்தது.

மே 3, வெள்ளி

மயிலாத்தாள் வீட்டுக்குப் போனேன். சின்னச்சாமி வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போங்க என்று தலையை ஆட்டினார்.

அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் மிச்சமிருக்கிற இரண்டு விரலுமாக. உதவப் போனேன். தட்டைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இருங்க்கா" என்றாள். "நீங்க அழுவீங்க. நல்லா அழுவீங்க. அதப் பாத்து நானும் அழுவேன். அப்பறம் ரெண்டு பேரும் சரியாயிட்டோம்னு ஆயிரும். எனக்கு ஒண்ணும் சரியாகல."

வாயை மூடிக்கொண்டேன்.

"அந்தப் புள்ள கத சொன்னப்ப எனக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துருச்சுங்க. நெசமா நான் போன் வெச்சிருந்தனான்னு. அப்படிப் பண்ணிட்டீங்க." உரித்த பூண்டை ஒதுக்கினாள். "இனிமே என்னப் பத்தி நீங்க சொல்ல வேண்டாம். நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். எங்கயும் சொல்ல வேண்டாம்."

டீ போட்டுத் தரவில்லை. தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

மே 6, திங்கள்

பத்து மணிக்கு ஸ்டீபன் கேட்டுக்கு வெளியே வந்து போன் செய்தான். மூச்சு வாங்கியது.

இன்று காலைக் கூட்டத்தில் சார் காகிதத்தை எடுத்தபோது மயிலாத்தாள் வரிசையிலிருந்து வெளியே வந்தாளாம். நான் பேசோணும் என்றாளாம். சார் மணியைக் காட்டினாராம். அவள் நகரவில்லையாம். வலது கையை எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள். நடுவில் பாக்கியத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். பாக்கியம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

அவள் பேசியதை ஸ்டீபன் ஒரு வார்த்தை விடாமல் எனக்குச் சொன்னான். என்னைப் பற்றிச் சொன்னதையும் சொன்னான். இதில் எழுத மாட்டேன்.

எட்டு மணி தாண்டி எட்டரை வரைக்கும் ஒரு மெஷினும் ஓடவில்லையாம்.